கார்லண்டில் பதிவான பாட்டு

1996-இல் டெக்சஸ் மாநிலத்தின் ரிச்சர்ட்சனில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் லேபில் அறுபதைத் தாண்டிய டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். டல்லஸுக்குத் தெற்கே ஹில் கவுண்டியில் பருத்திக்காட்டில் வேலை செய்து வளர்ந்தவர். பட்டாளத்தில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, நடுவில் சில காலம் லாரி ஓட்டிவிட்டு, கடைசியாக எங்கள் துறைக்கு வந்து சேர்ந்திருந்தார். சால்டரிங் அயர்ன் கையில் இருக்கும்வரை வாய் திறக்க மாட்டார். அதைக் கீழே வைத்தால் பேச்சு கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனிடம் போய் நிற்கும். பக்கத்து ஊரான ஆபட்டில் 1933-இல் பிறந்தவர், தன்னைப் போலவே சின்ன வயதில் பருத்தி எடுத்தவர் என்ற உரிமையில், ‘வில்லி’ என்று சொந்தக்காரரைச் சொல்வதுபோல் சொல்வார்.

கன்ட்ரி இசை என்றால் எனக்கு அப்போது ஜிம் ரீவ்ஸ் மட்டுமே. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டுகள் ஒவ்வொரு டிசம்பரும் ஒலித்தன. மெத்தென்ற குரல், பின்னால் வயலின்கள், அதற்கும் பின்னால் ஒரு கோரஸ். அதைச் சொன்னதும் பெரியவர் மறுநாள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து தந்தார். வில்லியின் ஆல்பம், ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்.’ கொலம்பியா கம்பெனி 1975 மே மாதம் வெளியிட்டது. தனித்தனிப் பாட்டாகக் கேட்காதே, இது ஒரே கதை, முதலிலிருந்து கடைசிவரை கேள் என்று சொல்லிக் கொடுத்தார்.

கார்லண்டில் குடியிருந்தோம். காலையில் ஜூப்பிடர் ரோடு வழியாக வேலைக்குப் போகும்போது காரில் போட்டேன். ஒரு கிடார் தொடங்கியது. கம்பித் தந்தி இல்லை, நைலான் தந்தி, அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. வேறொன்றும் வரக் காணோம். டிரம்ஸ் எங்கோ தயங்கி ஒரு தட்டு தட்டியது. ஒரு மவுத் ஆர்கன் வந்து இரண்டு வரிக்கு நின்றுவிட்டுப் போனது. பாடுகிறவர் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று சொற்களை விட்டார். பிந்திவிட்டாரோ என்று நினைக்கும்போது முன்னால் போய் நின்றார். வால்யூமைக் கூட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து, தனக்கு நடந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சொல்கிற மாதிரி இருந்தது.

கதை சின்னதுதான். ஊர்ப் போதகர் ஒருவர். மனைவி இன்னொருவனோடு போய்விடுகிறாள். தேடிப் போய் இருவரையும் சுட்டுக் கொல்கிறார். கறுப்புக் குதிரையில் ஏறி, இறந்தவளின் குதிரையைக் கூடவே நடத்திக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார். வழியில் ஒரு பெண் அந்தக் குதிரையைப் பற்றப் பார்க்கிறாள், அவளையும் சுடுகிறார். பிறகு டென்வர், அங்கே ஒரு நடனம், ஒரு புதிய உறவு, கடைசியில் ஓரிடத்தில் நிலைகொள்ளும் வாழ்க்கை. சுமார் 33 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாட்டை வில்லி எழுதவில்லை. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிய எடித் லிண்டமன் என்ற பெண்ணும், அதே ஊர் வானொலி அறிவிப்பாளர் கார்ல் ஸ்டட்ஸும் சேர்ந்து எழுதியது. 1950-களில் ஃபோர்ட் வொர்த் வானொலியில் டிஸ்க் ஜாக்கியாக இருந்த வில்லி, மதியத் தூக்கத்துக்குப் போகும் குழந்தைகளுக்காக அதைப் போடுவாராம். பின்னாளில் சொந்தப் பிள்ளைகளுக்கும் பாடித் தூங்கவைத்திருக்கிறார். கொலம்பியாவோடு ஒப்பந்தம் ஆன பிறகு, கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் திரும்பும்போது, அந்தப் பாட்டைப் பதிவு செய்யேன் என்று மனைவி கான்னி சொன்னார். அந்த நெடும்பயணத்திலேயே பாட்டுக்கு முன்கதையும் பின்கதையும் யோசித்தார். பிறர் எழுதிய பழைய பாட்டுகளை இடையிடையே பொருத்தி, நடுவில் விட்டுப்போனதைத் தானே எழுதிச் சேர்த்தார்.

இந்த விவரத்தையெல்லாம் பெரியவர் சாப்பாட்டு வேளைகளில் தவணை முறையில் சொன்னார். நாஷ்வில் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சூடேறும். அறுபதுகளில் நாஷ்வில்லில் ஒரு முறை இருந்தது. பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். வாசிக்க ஸ்டூடியோவின் கூலிக் கலைஞர்கள், மேலே பூச வயலின் கூட்டம், அதற்கும் மேலே கோரஸ். எது எங்கே வரவேண்டும் என்பது தயாரிப்பாளர் கையில். அந்த முறையில் அருமையான பாட்டுகள் வந்தன. எங்கள் வீட்டு ஜிம் ரீவ்ஸும் அதில் விளைந்தவர்தான், அவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வில்லிக்கு அது ஒத்துவரவில்லை. பாட்டு எழுதுகிறவராக அவருக்கு நல்ல பெயர். 1961-இல் பாட்ஸி கிளைன் பாடிப் பெரும்புகழ் பெற்ற ‘கிரேஸி’ இவர் எழுதியது. ஆனால் இவரே பாடி ஆர்சிஏ கம்பெனி வெளியிட்டவை பெரிதாகப் போகவில்லை. அந்தத் தயங்கிப் பாடும் குரலின்மேல் வயலின்களை ஏற்றினால் குரல் மூச்சு முட்டிப் போகிறது. டென்னசியில் இருந்த வீடு எரிந்தது. டெக்சஸுக்குத் திரும்பி, 1972-இல் ஆஸ்டினில் குடியேறினார். அங்கே நீளமுடி இளைஞர்களும் தொப்பி போட்ட பண்ணைக்காரர்களும் ஒரே கூடத்தில் நின்று அவரைக் கேட்டார்கள். அந்தப் பலத்தில்தான், என்ன பதிவு செய்வது, எப்படிச் செய்வது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையைக் கொலம்பியா ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்.

பதிவு நடந்தது நாஷ்வில்லில் அல்ல, நியூயார்க்கிலும் அல்ல. கார்லண்டில், ஆட்டம் சவுண்ட் என்ற ஸ்டூடியோவில், 1975 ஜனவரியில். இதைக் கேட்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்ல! ஆலங்கட்டி மழைக்கும், வரிசைக் கடைகளுக்கும், தொழிற்பேட்டைகளுக்கும் பேர்போன எங்கள் ஊரில் அப்படியொரு காரியம் நடந்திருக்கிறது. பில் யார்க் என்ற பொறியாளர் பதிவு செய்தார். வாசித்தவர்கள் வில்லியோடு ஊர் ஊராகச் சுற்றும் சொந்தக் குழுவினர். அக்கா பாபி பியானோ, மிக்கி ரஃபேல் மவுத் ஆர்கன், பால் இங்கிலிஷ் டிரம்ஸ். சில நாள்களில் வேலை முடிந்துவிட்டது. செலவு ஏறத்தாழ 4,000 டாலர் என்பார்கள். அந்தக் காலக் கணக்கில்கூடப் பெரிய கம்பெனிக்கு அது சில்லறை.

டேப் நியூயார்க்குக்குப் போனது. கேட்ட அதிகாரிகள், இது மாதிரிக்காகப் பதிவு செய்து அனுப்பியது, உண்மையான பதிவு இனிமேல்தான் வரும் என்று நினைத்தார்கள். கொலம்பியாவின் உயரதிகாரி புரூஸ் லண்ட்வாலுக்கு, அதை நாஷ்வில்லில் பில்லி ஷெரிலிடம் அனுப்பி மேலே வேலை செய்யச் சொல்லலாம் என்று யோசனை. பில்லி ஷெரில் சாமானியர் இல்லை. சார்லி ரிச்சையும் டாமி வைனெட்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோனவர். வில்லியின் நண்பர் வெய்லன் ஜென்னிங்ஸும் மேனேஜர் நீல் ரெஷனும் நேரில் போயிருந்தார்கள். வெய்லன் பொறுக்கமாட்டாமல் கோபப்பட்டார். ஒப்பந்தத்தில் உரிமை எழுதியிருந்ததால் கம்பெனி அப்படியே வெளியிட வேண்டியதாயிற்று.

அந்த அதிகாரிகளைக் காதில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கான டேப்புகளைக் கேட்டுப் பழகிய காது, எங்கெல்லாம் இன்னும் ஏதோ வரவேண்டும் என்று சரியாகவே கண்டுபிடித்தது. அந்த இடங்களெல்லாம் வேண்டுமென்றே விடப்பட்டவை. கேட்கிறவன் வந்து உட்காருவதற்காக விட்ட இடங்கள். கம்பெனியின் அறையில் உட்கார்ந்து கேட்டால் அது குறையாகத் தெரிந்திருக்கும். இரவு லாரியில் தனியாகக் கேட்டவர்களுக்கு அது வேறு மாதிரி இருந்தது.

எங்கள் டெக்னீஷியன் அப்படித்தான் கேட்டார். ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூபிஏபி நிலையத்தில் பில் மேக் என்பவர் இரவெல்லாம் லாரிக்காரர்களுக்காக நிகழ்ச்சி நடத்துவார். அந்த நிலையத்தின் அலை பல மாநிலங்களுக்கு எட்டும். 1975 கோடையில் ஓர் இரவு, நியூ மெக்ஸிகோ எல்லைப் பக்கம் போகும்போது ‘புளூ ஐஸ் கிரையிங் இன் த ரெயின்’ வந்ததாம். ஃபிரெட் ரோஸ் எழுதி, நாற்பதுகளில் ராய் ஏகஃப் பாடிய பழைய பாட்டு. அவருடைய அப்பாவுக்குப் பிடித்த பாட்டு. அதை இத்தனை மெதுவாக, இத்தனை குறைவாக யாரும் பாடி அவர் கேட்டதில்லை. லாரியை ஓரங்கட்டிவிட்டாராம். அந்தப் பாட்டு அக்டோபரில் பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. நாற்பத்திரண்டு வயதில், தன் குரலில் தனியாக வில்லி பிடித்த முதல் முதலிடம். கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. ஆல்பமும் கன்ட்ரி ஆல்பங்களில் முதலிடம் பிடித்தது, அடுத்த ஆண்டே தங்கத்தட்டுச் சான்றிதழ் பெற்றது. பின்னர் இருபது லட்சம் பிரதிகளுக்கான இரட்டைப் பிளாட்டினமும் வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை வீட்டிலும் போட்டேன். என் மனைவி சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நாங்குநேரிப் பக்கம், அப்பா வழியில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவள். எனக்குக் கிடாரும் குரலும். அவளுக்கு எடுத்ததும் கதைதான். குதிரையைத் தொட்ட பெண் சுடப்பட்டதும் வெளியே வந்துவிட்டாள்.

“அவ என்னத்தப் பண்ணிட்டா? குதிரையத் தொட்டா, அவ்வளவுதான? அதுக்கு உயிர எடுப்பானா? அவன ஒருத்தரும் கேக்கவும் இல்ல!”

துக்கத்தில் இருக்கிறவன், நிதானத்தில் இல்லை என்று நான் இழுத்தேன்.

“துக்கம்னா யாரையும் சுடலாமா? நம்ம ஊர்ல இப்படி ஒருத்தியக் கொன்னிருந்தா அவ சும்மா இருப்பாளா? பீடம் போட்டுப் படையல் வச்சுப் பாடினாத்தான் அடங்குவா. இங்க அவளுக்கு ஒரு பேருகூட இல்லையே.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுக் கதைகளில் அநியாயமாகச் செத்தவர்கள்தான் தெய்வமாகிறார்கள். கொன்றவன் கதையில் ஒரு பாத்திரம் மட்டும். கோயில் கொடையில் பாட்டு செத்தவர்களுக்கு. இந்த ஆல்பமோ கொன்றவனோடு குதிரையேறிப் போகிறது, அவன் ஆறும்வரை கூடவே இருக்கிறது. இறந்த பெண்கள் வழியிலேயே விடப்படுகிறார்கள். எனக்கு எவ்வளவு பிடித்த ஆல்பமானாலும் அந்தக் குறையை மறைக்க மாட்டேன். பாட்டை எழுதியவர்களில் ஒருவர் பெண் என்று பிறகு சொன்னபோது, “எழுதினவங்க யாரா இருந்தா என்ன, செத்தவ செத்தவதான்” என்று முடித்துவிட்டாள். இதைப் பிள்ளைகளுக்குத் தூங்கப் பாடினார் என்ற தகவல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் முதல் பக்கம் முடிகிற இடத்தில் ஒன்று நடக்கிறது. மூன்று கொலையும் முடிந்து, போதகரின் பல்லவி திரும்ப வந்துபோன பிறகு, ஒரு பியானோ. பாட்டு இல்லை, சொல் இல்லை. ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ என்ற பழைய ஞானப்பாட்டின் மெட்டு. வாசிப்பது அக்கா பாபி. சிறிய ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதுபோல அலங்காரம் ஏதுமின்றி வாசிப்பார். பாவத்தோடு வருகிறவன் உள்ளபடியே வருகிறேன் என்று சொல்லும் பாட்டு அது. கொலைகாரன் மன்னிப்புக் கேட்டதாக ஆல்பம் எங்கும் சொல்லவில்லை. மன்னிக்கப்பட்டதாகவும் சொல்லவில்லை. அந்த மெட்டை அங்கே வைத்ததோடு சரி. அது முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போடவேண்டும். காரில் போகும்போது அந்த இடத்தில் நான் பலமுறை திருப்பாமலே விட்டிருக்கிறேன்.

வில்லியை நேரில் பார்த்தது ஃபோர்ட் வொர்த்தில், பில்லி பாப்ஸ் டெக்சஸில். மாட்டுச் சந்தைப் பேட்டையில் பழைய மாட்டுக் கொட்டகையை மாற்றிக் கட்டிய பெரிய கூடம். பெரியவர்தான் டிக்கெட் வாங்கி, தன் மனைவியையும் எங்களையும் கூட்டிப்போனார். கூட்டத்தை விலக்கி மேடைக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆளைப் பார் என்று சொல்லவில்லை, கிடாரைப் பார் என்றார்.

மார்ட்டின் கம்பெனியின் என்-20. 1969-இல் வாங்கியது. கௌபாய் நடிகர் ராய் ராஜர்ஸின் குதிரைப் பெயரான ‘டிரிகர்’ என்பதை அதற்கு வைத்திருந்தார். டென்னசி வீடு எரிந்தபோது உள்ளே ஓடி மீட்டுக்கொண்டு வந்ததும் இதைத்தான். அது விரலால் மீட்டுவதற்கென்று செய்த கிளாசிக்கல் கிடார். பிக் வைத்து வாசிக்கும் கிடார்களில் பலகை தேயாமலிருக்க ஒட்டும் காப்புத் தகடு இதில் கிடையாது. வில்லி பிக் வைத்தே வாசிப்பவர். ஆண்டுக்கணக்கில் பிக்கும் விரல்நகமும் உரசி உரசி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் பலகை தேய்ந்து இன்னொரு துளை விழுந்துவிட்டது. விளிம்பு ஒரே சீராக இல்லை, தந்தியின் பக்கம் மெலிந்து, கீழ்ப்பக்கம் அகன்று போயிருந்தது. உள்ளே மரச்சட்டம் தெரிந்தது. துளையைச் சுற்றி வார்னிஷ் போய் வெறும் மரம். மற்ற இடமெல்லாம் நண்பர்கள் கீறி வைத்த கையெழுத்துகள். இத்தனை சிதைந்ததிலிருந்து வந்த சத்தம், ஜூப்பிடர் ரோட்டில் என் காரில் வந்த அதே சத்தம். பாபி ஒரு ஓரத்தில் பியானோ முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இடுப்புக்குக் கீழே இறங்கிய முடி. தம்பி திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஏற்கெனவே அங்கே வந்து காத்திருந்தார். 2022 மார்ச்சில் 91 வயதில் அவர் மறைந்தபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த முதுகின் நேர்மைதான்.

பெரியவர் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிவிட்டார். எங்கள் மகளுக்கு ஆஸ்டினில் காலேஜ் கிடைத்த ஆண்டு, அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். மகளைக் கொண்டுவிட எல்லோருமாகக் கிளம்பினோம். மகள் போனிலிருந்து பாட்டுப் போட்டாள். பட்டியலை மாற்றி மாற்றிக் குலுக்கிப் போடும் பழக்கம் அவளுக்கு. இதை மட்டும் வரிசையாகப் போடு என்று கேட்டுக்கொண்டேன். இன்டர்ஸ்டேட் 35-இல் தெற்கே போனால் வேக்கோவுக்கு முன்னால் ஆபட் வரும். மக்காச்சோளமும் பருத்தியும் இரு பக்கமும்.

பின்னிருக்கையில் அரைத்தூக்கத்தில் இருந்த அம்மா பியானோ தொடங்கியதும் நிமிர்ந்தாள்.

“ஏய்யா, இது நம்ம பாட்டுல்லா?”

கூடவே பாட ஆரம்பித்தாள். கோயிலில் பாடும் தமிழ்ச் சொற்கள், ஒரு சொல் தவறவில்லை. 1956-இல் சுவிசேஷகர் பில்லி கிரஹாம் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, பத்து வயதில் தன் அப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெருங்கூட்டத்தில் நின்றவள். அவர் கூட்டங்களின் முடிவில் மக்களை முன்னே அழைக்கப் பாடும் பாட்டு இதுதான். வில்லியின் ஆல்பத்தில் சொல்லில்லாமல் விட்ட இடத்தில் என் அம்மா தன் சொற்களை வைத்தாள், அவை சரியாகப் பொருந்தின. என் மனைவி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இதற்கு முன்னால் யார் யாரைக் கொன்றார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

“யாரு வாசிக்கிறது?” என்றாள் அம்மா.

“பாடுறவரோட அக்கா, ஆச்சி. இந்த ஊர்தான் அவங்களுக்கு” என்று மகள் ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். அவர்கள் சிறுவயதில் போன மெத்தடிஸ்ட் கோயிலை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்து 2006-இல் வில்லியே வாங்கிக் காப்பாற்றியதையும் சொன்னாள்.

அம்மாவுக்கு அவர்மேல் மதிப்பு ஏறிவிட்டது. அப்படியானால் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவரா என்று கேட்டாள். இளவயதில் ஃபோர்ட் வொர்த்தில் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், இரவில் மதுக்கடைகளில் பாடினார், இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று போதகர் சொன்னார், இவர் மதுக்கடையை வைத்துக்கொண்டார் என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “கோயில்ல சம்பளம் உண்டுமா?”

“கிடையாது.”

“பின்ன எப்படிலே பிள்ளைகளுக்குச் சோறு போடுவான்? அந்த ஐயர் கேட்டதுதான் தப்பு” என்று சொல்லிவிட்டு, மகளிடம் அந்தப் பியானோவை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.